நைனாவின் மணிக்கட்டு

நேற்று மாலை தெருமுனைக் கடையில் மடவைக் கருவாடு வாங்கினேன். கடைக்காரர் பனையோலையில் வைத்து மடித்தார். கட்டுவதற்கு நார் அகப்படவில்லை. அங்கும் இங்கும் துழாவிவிட்டு, ஆணியில் தொங்கிய மஞ்சள் நூலில் ஒரு முழம் இழுத்து இறுக்கிக் கட்டி, "பழவேற்காட்டுச் சரக்கு. கண்ண மூடிக்கினு துன்னலாம்" என்று கையில் கொடுத்தார். ஆடி மாதம் அல்லவா. அவர் வீட்டில் யாரோ அம்மனுக்குக் காப்பு கட்டியிருப்பார்கள். மீந்துபோன நூல் கடைக்கு வந்திருக்கும்.

வீட்டுக்கு வந்து முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். மஞ்சளில் நனைத்துக் காய்ந்த நூலின் முடிச்சு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். நகத்தால் நெருடினேன். பல்லால் கடித்து இழுத்தேன். எதிரே உட்கார்ந்து பாக்கு இடித்துக்கொண்டிருந்த, எனக்கு வாடகைக்கு இடம் கொடுத்த வீட்டுக்காரம்மாள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "கத்தி தர்றேன், அறுத்துப் போடுங்களேன்" என்றார். வேண்டாம் என்றேன். "ஒரு நூலுக்கு இம்மாம் பேஜாரா? படிச்சவங்களே இப்டித்தான் போல" என்று எழுந்து உள்ளே போய்விட்டார்.

அந்த அம்மாளிடம் சொல்ல முடியாததை உங்களிடம் சொல்லலாம் என்று தோன்றுகிறது. மஞ்சள் நூலில் நான் கத்தி வைப்பதில்லை. ஒரு முறை வைத்திருக்கிறேன்.

கருவாட்டு வாசனையைப் பட்டணத்தில் நாற்றம் என்கிறார்கள். எனக்கு அது எங்கள் வீட்டுக் கூரையின் வாசனை. மழைக்காலத்துக்கென்று அடுப்புக்கு மேலே கோத்துத் தொங்கவிட்ட மடவை, புகையும் உப்பும் ஏறிக் கறுத்துக்கொண்டிருக்கும். பழவேற்காட்டுக் கோட்டைக்கு வடக்கே, ஏரியை ஒட்டி நாற்பது ஐம்பது கூரை கொண்ட குப்பம் எங்களுடையது. அப்போது கோட்டையில் உலாந்தாக்காரர்கள், டச்சுக்காரர்கள் என்கிறார்களே அவர்கள், இருந்தார்கள். அது அவர்களுடைய கடைசிக் காலம் என்று இப்போது தெரிகிறது. அன்று அவர்களையும் ஏரியைப் போல எப்போதும் இருக்கப்போகிறவர்கள் என்றே நினைத்திருந்தோம்.

கடற்கரைக் குப்பத்துக்காரர்கள் எங்களை "மொழங்கால் தண்ணிக்காரனுங்க" என்று கேலி செய்வார்கள். எங்கள் நைனா கடலுக்குப் போனவர் அல்ல. இடுப்பளவு ஏரி நீரில் கழி ஊன்றி, வலை கட்டி, இறால் ஏறும் நேரத்துக்காக நின்றுகொண்டே இருப்பவர். நின்று நின்று பாதத் தோல் வெளுத்துத் தடித்து, கால் மட்டும் வேறு யாருடையதோ போல இருக்கும். கரையில் நடக்கும்போது கொஞ்சம் தடுமாறுவார். தண்ணீரில் இறங்கிவிட்டால் அப்படி ஒரு நிமிர்வு.

நைனா என்றால் அப்பா. தெலுங்கு ஊர்கள் பக்கத்திலேயே இருப்பதால் எங்களுக்கு அந்தச் சொல் வந்து ஒட்டிக்கொண்டது. அவர் என்னையும் செல்லமாக நைனா என்றுதான் கூப்பிடுவார். அம்மா இருந்தவரைக்கும், "எந்த நைனாவுக்குச் சோறு? பெரிய நைனாவுக்கா, துக்கிணி நைனாவுக்கா?" என்று இரண்டு பேரையும் ஓட்டுவாள்.

எனக்கு எட்டு வயது இருக்கும்போது குப்பத்தில் வாந்திபேதி வந்தது. அம்மா ஒரே பகலில் போய்விட்டாள். யாரும் யார் வீட்டுக்கும் போகவில்லை. அந்த நாட்களில் கோட்டைக்குள் இருந்த கிறிஸ்தவக் கோயிலின் உபதேசியார் ஒரு ஆளின் தலையில் கஞ்சிப் பானையை ஏற்றிக்கொண்டு வீடு வீடாக வந்தார். தெற்கத்தியார், ஒல்லியான மனிதர், பேசும்போது கண்ணை மூடிக்கொள்வார். வாசலில் நின்று, "உள்ள யாராச்சும் இருக்கீங்களா?" என்று கேட்பார். பதில் வந்தால் கஞ்சி ஊற்றுவார். வராவிட்டால் உள்ளே போவார். எங்கள் குப்பத்தில் அப்போது அப்படி உள்ளே போன ஒரே மனிதர் அவர்தான்.

அம்மன் கோயிலும் சும்மா இருக்கவில்லை. எந்த வலை எவ்வளவு பிடித்தாலும் அதில் ஒரு பங்கு கோயில் பங்கு. தண்ணீரில் இறங்க முடியாதவர்கள் வீட்டு வாசலில் அது போய்ச் சேரவேண்டும். கொண்டுவருகிறவன் கூப்பிடக்கூடாது, முகம் காட்டக்கூடாது, ஓலையை மூடி வைத்துவிட்டுப் போய்விட வேண்டும். வாங்குகிறவன் யாருக்கும் தலைகுனிய வேண்டியதில்லை என்பதற்காகச் செய்த ஏற்பாடு. அம்மா இறந்த மாதம் முழுவதும் நைனா படுத்தே கிடந்தார். எங்கள் வாசலில் மீன் இருந்தது.

பட்டணத்தில் இரண்டு வகைப் படித்தவர்களைப் பார்க்கிறேன். ஒருவர் மதம்தான் உலகத்தைத் தாங்குகிறது என்கிறார். இன்னொருவர் அதுதான் கெடுக்கிறது என்கிறார். பேசி முடித்ததும் இரண்டு பேரும் எழுந்து சாப்பிடப் போகிறார்கள். இரண்டு கோயில் சோற்றையும் தின்றவன் நான். எனக்கு அவ்வளவு சுலபமாக வாய் வரவில்லை.

பள்ளிக்கூடம் சேர்ந்த கதையைச் சொல்ல வேண்டும். நைனா எழுந்து நடமாடத் தொடங்கியதும் என்னைக் கையைப் பிடித்து உபதேசியாரிடம் கூட்டிப் போனார்.

"கஞ்சி ஊத்தறீங்களாமே. இவன வெச்சிக்கினு நான் தண்ணில நிக்க முடியல."

"எழுத்தும் சொல்லித் தருவோம், ஐயா."

"அது பரவால்ல. கஞ்சி உண்டு இல்ல?"

உண்டு. ஆனால் கஞ்சிக்கு முன் பத்துக் கட்டளைகளை ஒப்பிக்க வேண்டும். முதல் மூன்று கட்டளைகளை நிறுத்தி நிதானமாகச் சொல்வோம். ஐந்தாவது வரும்போது சட்டி திறக்கும் சத்தம் கேட்கும். அதற்குப் பிறகு கொலையும் களவும் பொய்ச்சாட்சியும் ஒரே மூச்சில் ஓடிவிடும். உபதேசியார் கண்ணை மூடிக்கொண்டு கேட்பதால் எங்கள் வாயில் எச்சில் ஊறுவதைப் பார்த்ததில்லை. பார்த்தும் சும்மா இருந்திருக்கலாம்.

எங்கள் வம்சத்தில் எழுத்து என்னோடு தொடங்குகிறது. ஒருநாள் ஏரிக்கரை மணலில் நைனாவின் பெயரை எழுதிக் காட்டினேன். சின்னாண்டி. ஐந்து எழுத்தையும் ஒரு ஆள் நீளத்துக்கு இழுத்து எழுதியிருந்தேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "இம்மாம் பெரிசா நானு?" என்றார். பிறகு வலையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, அந்த எழுத்தை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு தண்ணீருக்குப் போனார்.

பதினெட்டு வயதில் நான் உபதேசியாருக்கு உதவியாள் ஆனேன். சின்னப் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லித் தருவதும், ஞாயிற்றுக்கிழமை சபையில் வேதம் வாசிப்பதும், சபையார் பெயர்களைப் புத்தகம் பார்த்துக் கூப்பிடுவதும் என் வேலை. செத்துப்போன ஒரு சிப்பாயின் கோட்டு எனக்குக் கிடைத்தது. என்னைப் போல இன்னொருவன் அதற்குள் குடியிருக்கலாம். சித்திரை வெயிலிலும் கழற்றமாட்டேன். நான் குப்பத்துக்குள் வந்தால் மீன் அரியும் பெண்கள், "தொரை வராரு, வழி வுடுங்கடி" என்பார்கள். விடுவேனா? நின்று, விக்கிரக ஆராதனையின் தீமையைப் பற்றி அரை நாழிகை பேசுவேன். ஒருத்தி கையை நிறுத்தாமலே கேட்டாள்: "உங்க சாமி மீன் துன்னுமா?"

"சாப்பிட்டிருக்கிறார்" என்றேன். வேதத்தில் இருக்கிறதே.

"அப்பன்னா நல்ல சாமிதான்" என்றாள். அடுத்த மீனை எடுத்தாள்.

என் முதல் பிரசங்கத்தின் பலன் அவ்வளவுதான்.

உதவியாளின் வீட்டார் சபையில் சேர்ந்திருக்க வேண்டும் என்று ஒரு விதி உண்டு. வீட்டார் என்று எனக்கு இருந்தது நைனா ஒருவர்தான். கேட்பதற்குப் பத்து நாள் தயங்கினேன். கேட்டதும் அவர் சிரித்துவிட்டார். "தலையில தண்ணி ஊத்துவாங்க, அவ்ளோதானே? நான் தெனம் ஏரியில முழுவுறவன். உனக்காவ இன்னொரு வாட்டி முழுவமாட்டனா?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வேட்டியை வெளுத்துக் கட்டிக்கொண்டு வந்தார். கோயிலுக்குள் நுழைந்ததும் நான்கு பக்கமும் பார்த்தார். உலாந்தாக்காரர் கோயிலில் சிலை, படம், விளக்கு எதுவும் கிடையாது. என் காதருகே குனிந்து, "எங்கடா சாமி? வெள்ளையடிச்ச செவுருதான் கீது. வெளியூர் எங்கனா போயிருக்குதா?" என்றார். எனக்கு அன்று அவமானமாக இருந்தது. ஆபிரகாம் என்று பெயர் வைத்தார்கள். வீட்டுக்குப் போகும் வழியில், "இன்னா பேருடா வெச்சாங்க?" என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டார்.

இனி காப்பைப் பற்றிச் சொல்லவேண்டும். ஏரியில் எல்லா இடத்திலும் மீன் ஒரே மாதிரி விழாது. சில துறைகள் பொன், சில துறைகள் வெறும் சேறு. யாருக்கு எந்தத் துறை என்று வருஷத்துக்கொரு முறை, ஆடியில், அம்மன் கோயில் முன்னால் ஓலைச்சீட்டுப் போட்டு எடுப்பார்கள். அதற்குப் பத்து நாளுக்கு முன் பூசாரி எல்லா வலைக்காரர் மணிக்கட்டிலும் மஞ்சள் நூலால் காப்பு கட்டுவார். காப்பு இருக்கிற கைதான் சீட்டு எடுக்கலாம். சீட்டு எடுக்காதவன் அந்த வருஷம் ஏரியில் வலை போட முடியாது. அம்மனைச் சாட்சியாக வைத்து எடுப்பதால் சேறு விழுந்தவனும் வாய் திறக்காமல் போவான். எனக்குத் தெரிந்து எங்கள் ஏரியில் துறைக்காக ஒரு மண்டைகூட உடைந்ததில்லை.

ஞானஸ்நானம் பெற்ற அடுத்த ஆடியில் நைனா கையில் மஞ்சள் நூலோடு வீட்டுக்கு வந்தார். அவருக்கு அதில் எந்தக் குழப்பமும் இல்லை. எனக்குத்தான் தலை சுற்றியது. அதே வாரம் பெரிய பாதிரியார் கப்பலில் வருகிறார், உதவியாட்கள் வீடுகளை எல்லாம் நேரில் பார்ப்பார் என்று சேதி வந்திருந்தது. உபதேசியார் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"தம்பி, அப்பாகிட்ட அந்த நூலைப் பத்திப் பேசிப் பாரு. மெதுவாப் பேசு. அவராத்தான் அவுக்கணும்."

மெதுவாகத்தான் தொடங்கினேன்.

"நைனா, அத்த எடுத்துடு."

"இன்னும் ஆறு நாளு. சீட்டு முடிஞ்சதும் தண்ணியில வுட்டுருவேன்."

"அதுக்குள்ள பாதிரியார் வந்துருவாரு."

"வரட்டும். துணி சுத்திக்கிறேன். கையில அடின்னு சொல்லிடு."

"நான் பொய் சொல்லக்கூடாது நைனா."

"நீ சொல்லாத. நான் சொல்றேன்." சிரித்தார். "ரெண்டும் பெரிய சாமிங்கடா. அதுங்களுக்குள்ள பேசித் தீத்துக்கும். குறுக்கால பூந்து நமக்கு இன்னா வேல?"

எனக்குக் கோபம் வந்தது. கோபம் என்றுதான் அன்று நினைத்தேன், அது பயம். நரகத்தை நான் எழுத்துக்கு எழுத்து நம்பினேன். எங்கள் அடுப்பு எங்கே இருக்கிறது என்று எனக்கு எவ்வளவு நிச்சயமோ அவ்வளவு நிச்சயம் அது. ஞானஸ்நானம் இல்லாமல் செத்துப்போன அம்மா அங்கே எரிந்துகொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். அதை நினைக்காமல் இருக்கப் பழகிக்கொண்டிருந்தேன். நைனாவையும் அங்கே அனுப்பிவிட்டு என்னால் பிழைத்திருக்க முடியாது. உங்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். எட்டு வயதிலிருந்து, கஞ்சி ஊற்றிய கையே சொல்லிக்கொடுத்தால், நீங்களும் நம்பியிருப்பீர்கள்.

மறுநாள் உச்சிவேளை. இரவெல்லாம் தண்ணீரில் நின்றவர் பகலில் தூங்குவார். பாயில் மல்லாந்து படுத்து, வலது கையைத் தரையில் விரித்துப்போட்டிருந்தார். உள்ளங்கை மேலே பார்த்திருந்தது. பக்கத்தில் மண்டியிட்டேன். எழுதும் இறகைச் சீவும் கத்தி என் கோட்டுப் பையில் எப்போதும் இருக்கும். முதலில் ஜெபித்தேன். அதையும் சொல்லிவிட வேண்டும். பிறகு நூலுக்கும் தோலுக்கும் நடுவில் கத்தி முனையை நுழைத்து, அவருக்கு ஒரு கீறல்கூட விழாதபடி, அவ்வளவு ஜாக்கிரதையாக அறுத்தேன்.

அவர் எழுந்தபோது நான் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். மணிக்கட்டைத் தடவிப் பார்த்தார். தரையில் கிடந்த நூலைப் பார்த்தார்.

"அறுந்துபோச்சா?"

"நான் அறுத்தேன் நைனா."

"இன்னாத்தால?"

கத்தியைக் காட்டினேன்.

"இரும்பா?" என்றார்.

அந்த ஒரு சொல்லை அவர் கேட்ட விதம் எனக்கு அப்போது விளங்கவில்லை. காப்பு தானாக அவிழ்ந்தாலும், வலைக்கயிறு உரசி அறுந்தாலும் பூசாரி மறுபடி கட்டிவிடுவார். இரும்பு பட்டால் மட்டும் கட்டமாட்டார். குப்பத்தில் தவழும் குழந்தைக்குத் தெரிந்த முறை அது. பள்ளிக்கூடத்தில் வளர்ந்த எனக்குத் தெரியாமல் போனது. தெரிந்திருந்தால் அன்றே பல்லால் கடித்திருப்பேனோ என்னவோ.

நைனா நூலை எடுத்து மடியில் செருகிக்கொண்டு கோயிலுக்குப் போனார். நானும் பின்னால் போனேன். நாட்டாமை கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நைனாவைவிட மூத்தவர், சின்ன வயதில் ஒரே வலையில் நின்றவர்கள். என் மாமா கன்னியப்பனும் அங்கே இருந்தார். அம்மாவின் தம்பி, நைனாவின் வலைக்கூட்டாளி.

"சின்னப் புள்ள தெரியாம பண்ணிட்டாண்ணா" என்றார் நைனா.

"மீச மொளச்ச சின்னப் புள்ள" என்றார் நாட்டாமை. கொஞ்ச நேரம் நூலைக் கையில் வைத்துப் புரட்டினார். "சின்னாண்டி, அம்பது வல கீது. உனக்கு வுட்டா நாளைக்கு அவன் கேப்பான், இவன் கேப்பான். அப்பறம் சீட்டு ஏது, ஏரி ஏது? ஒரு வருசம் பல்லக் கடிச்சிக்கோ. வர்ற ஆடிக்கு நானே கட்டறேன்."

அவர் சொன்னது நியாயம்தான். மாமா மட்டும் என்னைப் பார்த்து, "படிச்சியேடா" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

பெரிய பாதிரியார் வந்தார். இரண்டு வீடுகளைப் பார்த்தார். வெயில் ஒத்துக்கொள்ளாமல் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கப்பலுக்குத் திரும்பிவிட்டார். எங்கள் வீட்டுக்கு வரவேயில்லை.

நைனா கரைக்காரர் ஆனார். காப்பு இழந்த வீட்டுக்குக் கோயில் பங்கும் கிடையாது. கோட்டைத் துறையில் மூட்டை தூக்கினார். அவர் கால் அதற்குச் செய்த கால் அல்ல. சூடான மணலில் தடித்த தோல் வெடித்து வெடித்து ரத்தம் கசியும். கூலி இல்லாத நாட்களுக்கு, சபை ஏழைகளுக்கு ஒவ்வொரு சனிக்கிழமையும் கொடுக்கும் அரிசி இருந்தது. அந்த அரிசி இல்லாவிட்டால் நாங்கள் பட்டினி கிடந்திருப்போம். அதை மறைத்து எழுதினால் பாவம். ஆனால் அம்மன் கோயில் மீனைப் போல அது ஓலைக்கு அடியில் வருவதில்லை. வரிசையில் நிற்க வேண்டும். பெயரைக் கூப்பிட வேண்டும். கூப்பிடுகிற வேலை என்னுடையது.

"ஆபிரகாம்!"

யாரும் அசையமாட்டார்கள். பக்கத்தில் நிற்பவர் இடித்து, "யோவ், உன்னத்தான்" என்பார். நைனா துண்டை விரித்துக்கொண்டு முன்னால் வருவார். "இருக்கேன் உபதேசியாரே" என்பார். அந்த வருஷம் முழுவதும், வீட்டிலும்கூட, அவர் என்னை நைனா என்று கூப்பிடவில்லை. வசவு ஒன்றும் இல்லை. "உபதேசியாரே, சோறு ஆறுது" என்பார். அடித்திருக்கலாம்.

மாமா அவ்வப்போது இறால் கொண்டுவருவார். வாசலிலேயே நின்றுகொண்டு நைனாவிடம் எந்தத் துறையில் என்ன ஏறுகிறது என்று சொல்வார். நைனா கேட்டுக்கொண்டே இருப்பார். கேட்கும்போது அவருடைய கால் விரல்கள் மணலை நோண்டிக்கொண்டே இருக்கும்.

அடுத்த ஆடி வந்தது. காப்பு கட்டும் நாள் விடியற்காலையில் குளித்து, தலை சீவி, வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு புறப்பட்டார். ஒரு வருஷத்தில் அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் பார்த்ததில்லை. நான் ஒன்றும் சொல்லவில்லை. நரக பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். வெடித்த அந்தக் கால்களுக்கு முன்னால் அது வாயை மூடிக்கொண்டது. உச்சிவேளைக்குத் திரும்பி வந்தார். மணிக்கட்டு வெறுமையாக இருந்தது.

"கட்டலியா நைனா?"

"வாணாம்னு வுட்டுட்டேன். கால் வலி. தண்ணியில நிக்க முடியாது."

நண்பரே, அப்போது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? நைனா மனம் திரும்பிவிட்டார், தாமாகவே அந்த நூலைத் தள்ளிவிட்டார் என்று தோன்றியது. சந்தோஷத்தில் ஓடிப்போய் உபதேசியாரிடம் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார், இமை நனைந்தது. ஞாயிற்றுக்கிழமை சபை நடுவில் ஆபிரகாமுக்காக நன்றி ஜெபம் பண்ணினார். நைனா கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் திரும்பித் திரும்பி அவரைப் பெருமையாகப் பார்த்தேன்.

ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு ஐந்தாம் நாள் போய்விட்டார். மூன்றாம் நாளிலிருந்து நினைவு தவறிப் பிதற்றினார். எல்லாம் வலைப் பேச்சு. "கன்னியப்பா, கழிய ஊணு, ஏறுது ஏறுது" என்பார்.

உலாந்தாக்காரர்களின் கல்லறைகள் பெரிய பெரிய கற்களால் ஆனவை. கப்பலும் மண்டையோடும் எழுத்துமாக அவ்வளவு வேலைப்பாடு. அந்த மதிலுக்குப் பின்னால், ஏரி ஓரமாக, நாட்டுக் கிறிஸ்தவர்களுக்கென்று ஒரு மணல் திடல் இருந்தது. அங்கே நைனாவை இறக்கினோம். வாசிப்பு என்னுடையது. ஆபிரகாம் என்று வாசித்தேன். வேலிக்கு வெளியே மாமாவும் வலைக்காரர்கள் மூன்று பேரும் ஈரத் துணியோடு நின்றார்கள். காப்பு கட்டிய வருஷத்தில் வேற்றுக் கோயில் இடுகாட்டு மண்ணை மிதிக்கக்கூடாது. உபதேசியார் போய், "உள்ள வாங்கய்யா, அவரு உங்க மனுசன்" என்று கூப்பிட்டார். அவர்கள் வரவில்லை. என்னாலும் நைனாவை வெளியே கொண்டுபோக முடியாது. முப்பது வருஷம் அவரோடு தண்ணீரில் நின்ற நான்கு பேர், வேலி முள்ளைப் பிடித்துக்கொண்டு, அவரை வேறு பெயரால் புதைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எல்லாரும் போன பிறகு வேலிக்கு அருகில் போனேன். மாமா மட்டும் நின்றிருந்தார்.

"இப்பயாவது தெரிஞ்சிக்கோ" என்றார். "ஆடியில நாட்டாம காப்ப கையில எடுத்துட்டாரு. எடுத்துட்டு நிறுத்திட்டாரு. 'உம் புள்ள வூட்ல கீற வரைக்கும் இது நெலைக்காது சின்னாண்டி, மறுபடியும் அறுப்பான். அவன வெளிய அனுப்பு, கட்டறேன்'னாரு."

நானும் வேலி முள்ளைப் பிடித்துக்கொண்டேன்.

"மச்சான் கைய நீட்டிக்கினு இருந்தாரு. அப்டியே மடக்கிக்கினாரு. 'அவனுக்கு என்னிய வுட்டா யாரு கீறாங்க?'ன்னாரு. எந்திரிச்சி வந்துட்டாரு. உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு எங்க நாலு பேருகிட்டயும் சத்தியம் வாங்கிக்கினாரு."

கால் வலி என்று சொன்னது அதுதான். அந்த நாலு மாதமும் நான் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். நான் அவருடைய ஆத்துமாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உபதேசியாரிடம் சொன்னேன். "அந்த நன்றி ஜெபத்தை நான் எப்படித் திரும்ப வாங்குவேன், தம்பி?" என்றார். அன்று அவர் கண்ணை மூடவில்லை.

யாரைக் குற்றம் சொல்வது என்று நானும் பலநாள் தேடினேன். நாட்டாமை ஐம்பது வீட்டுச் சோற்றைக் காத்தார். உபதேசியார் யாரும் போகாத வீட்டுக்குள் போனார். இரண்டு பக்கத்து முறைகளும் நல்லதற்காக வகுக்கப்பட்டவை. அவற்றுக்கு நடுவில் ஒரு மனிதர், இரண்டு பக்கமும் கும்பிட்டுக்கொண்டு, யாருக்கும் கெடுதல் நினைக்காமல் நின்றார். அவர் நிற்க அங்கே ஒரு சாண் இடம் இல்லை. இருந்த இடத்தையும் மண்டியிட்டு ஜெபித்து அறுத்தவன் நான். யாரும் என்னை ஏவவில்லை என்பதுதான் எனக்குத் தீராதது. அவ்வளவு நன்றாக நான் பாடம் படித்திருந்தேன்.

இப்போது எதுவும் இல்லை. உலாந்தாக்காரர்கள் கப்பல் ஏறிவிட்டார்கள். ஆங்கிலேயர் வந்து கோட்டையை இடித்துச் செங்கல்லை அள்ளிக்கொண்டு போனார்கள். கோயிலுக்குக் கூரை இல்லை; வெள்ளையடித்த சுவரில் மழை வழிந்து பச்சை பிடித்திருக்கிறது. பெயர்ப் புத்தகம் எந்தக் கப்பலில் போனதோ. உபதேசியார் அடுத்த வாந்திபேதியில், யாரோ ஒருவர் வீட்டுக்குள் போனவர், திரும்பவில்லை. சபையார் பிழைப்புத் தேடிப் பட்டணம் வந்துவிட்டார்கள், நானும் வந்தேன், ஒரு வியாபாரிக்குக் கடிதம் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கேயும் போவதில்லை. நாட்டாமை செத்து, அவர் மகன்கள் பங்காளிச் சண்டையில் அம்மனைப் பூட்டி வைத்திருக்கிறார்கள். துறைக்கு இப்போது அடிதடிதான் என்று கேள்வி.

போன தையில் ஊருக்குப் போயிருந்தேன். நைனா கிடக்கும் இடத்தில் ஒரு கல்லாவது வைக்கலாம், அதில் சின்னாண்டி என்று வெட்டலாம் என்று எண்ணம். மாமா கண் மங்கிப்போய், என் குரலைக் கேட்டுத்தான் அடையாளம் கண்டார். என் தோளைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்து வந்தார். உலாந்தாக்காரர்களின் கற்கள் அப்படியே இருந்தன. ஒவ்வொரு பெயரையும் என்னால் வாசிக்க முடிந்தது. மதிலைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனோம். இரண்டு வருஷத்துக்கு முன் அடித்த புயலில் ஏரி கடலோடு சேரும் முகம் இடம் மாறியதை எனக்கு யாரும் சொல்லவில்லை. வேலி இல்லை. திடல் இல்லை. மதிலின் அடியிலேயே அலை வந்து தட்டிக்கொண்டிருந்தது.

"எந்த இடம் மாமா?" என்று கேட்டேன்.

மாமா தெரியாத கண்ணால் கொஞ்ச நேரம் நீரைப் பார்த்தார்.

"எல்லாம் தண்ணியாப் பூட்ச்சிடா. எத்தன்னு காட்டுவேன்?"